மேகத்துக்குள் ஊதிய விசில்

பொன்னுவேலைப் பற்றி எழுத இந்த மலையில் என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. படித்த வாத்தியார்கள் இருக்கிறார்கள், அழகாகவும் எழுதுவார்கள். ஆனால் அவர்களில் யாருக்கும் பொன்னுவேல் மஞ்சள் அட்டை காட்டியதில்லை. எனக்குக் காட்டியிருக்கிறான். மண்டி சின்னக்கருப்பனுக்கு, என் ஊரில், என் ஜனத்துக்கு முன்னால்.

நான் மூன்றாம் வகுப்பு தாண்டாதவன். தலைச்சுமையாகப் பூண்டு தூக்கிப் பிழைத்து, பிறகு சொந்தமாக மண்டி போட்டவன். மேல்மலையில் என் தராசில் ஏறாத பூண்டு மூட்டை குறைவு. சின்னப் பிள்ளைகளுக்குக் கால்பந்துப் போட்டி நடத்தக் கழகம் ஆரம்பித்தபோது என்னைத் தலைவராகப் போட்டார்கள். "பெரியவருக்குப் பந்து உருண்டைங்கிறதாவது தெரியுமா?" என்று ஒருத்தன் சிரித்தானாம். சிரிக்கட்டும். சரிவாகக் கிடந்த மேட்டை வெட்டி மைதானமாக்கியது யார்? நான். கோல் கம்பம் நட்டது யார்? நான். இப்போது கழகத்து மலரில் ஒரு ரெஃப்ரியைப் பற்றி எழுதுங்கள் என்று கேட்கிறார்கள். எழுதுகிறேன்.

பொன்னுவேல் பிறந்தது பாலசமுத்திரத்தில். மலைக்குக் கீழே, பழனியை ஒட்டின ஊர். அண்ணன் தம்பிகளோடு நிலத்தகராறு வந்து, உடுத்திய துணியோடு மலை ஏறி என் மண்டிக்கு மூட்டை தூக்க வந்தான். வேலையில் சுத்தம். எங்கள் ஊர் தமயந்தியை அவனுக்குக் கட்டிவைத்ததே நான்தான். தமயந்தியின் அம்மா பொன்னுத்தாய் வீட்டிலேயே அவனும் இருந்துகொண்டான். பிறகு பழைய ஜீப் ஒன்றை வாங்கி, பண்ணைக்காட்டுக்கும் கொடைக்கானலுக்கும் ஆள் ஏற்றினான். ஊரே அவனை மாப்ள என்றுதான் கூப்பிடும்.

பிள்ளைகளை ஆட்டத்துக்கு ஏற்றிக்கொண்டு போனவன், அங்கே சும்மா பீடி குடித்துக்கொண்டு நிற்காமல் ஆட்டத்தைப் பார்த்தான். பார்த்துப் பார்த்து, திண்டுக்கல்லில் ரெஃப்ரிகளுக்கு நடந்த வகுப்புக்குப் போனான். முதல் தடவை ஓட்டத்தில் தோற்றான். ஜீப் ஓட்டிக்கு ஓட்டம் எங்கே வரும்? ஊருக்குத் திரும்பி வந்து, வெள்ளனே எழுந்து மலைரோட்டில் ஓட ஆரம்பித்தான். மறு வருடம் தேறினான். அதிலிருந்து பண்ணைக்காடு, ஆடலூர் என்று எங்கே பிள்ளைகள் ஆட்டம் இருந்தாலும் அவன் விசில்தான். ஆனால் எங்கள் ஊர் ஆட்டத்துக்கு மட்டும் அவன் ஊதுவதில்லை. காரணம் இருந்தது. எங்கள் அணியைத் தயார்செய்பவன் அவனுடைய மச்சான் பழனிக்குமார், தமயந்தியின் அண்ணன். கோல்கீப்பர் பழனிக்குமாரின் மகன் ஜெயமுருகன்.

இப்போது எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் மைதானத்தில் ஒரு பக்கத்துக் கோலுக்குப் பின்னால் கொஞ்ச தூரத்தில் தரை முடிந்துவிடும். அதற்குக் கீழே பாறையும் படிப்படியான பூண்டுக்காடும்தான். மேகம் அந்தப் பள்ளத்திலிருந்துதான் ஏறிவரும். வந்தால் பக்கத்தில் நிற்கும் ஆள் தெரியாது. அதனால் எங்கள் ஊரில் பிள்ளை நடக்கப் பழகும்போதே சொல்லிக் கொடுப்போம்: மேகம் எறங்குனா இருந்த இடத்துலயே குத்தவை. காட்டில் களை எடுக்கும்போதும் அப்படித்தான், விளையாடும்போதும் அப்படித்தான். யாரும் யோசிக்க மாட்டார்கள். கால் தானாக மடங்கும்.

கோப்பைக்கான கடைசி ஆட்டம் எங்கள் மைதானத்தில். எங்கள் ஊருக்கும் பாலசமுத்திரத்துக்கும். பதினாலு வயதுக்கு உட்பட்ட பையன்கள். மாவட்டத்திலிருந்து வரவேண்டிய ரெஃப்ரி, சீசன் நெரிசலில் மலைரோட்டில் மாட்டிக்கொண்டார். பாலசமுத்திரத்து வேன் வேறு வழியாக வந்து சேர்ந்துவிட்டது. கூட்டம் கூடிவிட்டது.

"பொன்னுவேலு ஊதட்டுமே" என்றார் பாலசமுத்திரத்துக் கோச் தங்கமுத்து. "எங்க ஊருப் பய தானுங்க."

"எங்க மாப்ள தாராளமா ஊதட்டும்" என்றான் பழனிக்குமார்.

இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். பொன்னுவேலுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போனான்.

"வேணாம் மொதலாளி. மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி. தோத்தவன் என்னைத்தான் சொல்லுவான்."

"ஏலே, நான் இருக்கேன்ல?"

"நீங்க இருப்பீங்க. நான் இந்த ஊருல இருக்கணும்ல?"

அவன் சொன்னது நிஜம். குடியிருப்பது மாமியார் வீடு. ஜீப்பில் ஏறுவது எங்கள் ஊர் ஜனம். பிறந்த ஊரில் அண்ணன் தம்பி வாசலில் அவன் கால் வைக்க முடியாது. எங்கள் ஊரும் கைவிட்டால் அவனுக்குப் போக இடம் கிடையாது. எனக்குத் தெரியும். தெரிந்தும் விசிலை அவன் கையில் கொடுத்தேன். வேறு ஆள் இல்லை. இருந்தாலும் அவனைவிட நேர்மையான ஆள் இல்லை.

காசு சுண்டிப் பக்கம் பிரிக்கும்போது இரண்டு கேப்டன்களிடமும் அவன் சொன்னதை நான் காதால் கேட்டேன். "மேகம் வந்தா நான் ஊதுவேன். ஊதுற வரைக்கும் ஆட்டம் ஆட்டந்தான். வெளங்குச்சா?" இரண்டு பயல்களும் தலையாட்டினார்கள். மைதானத்துக்குள் நுழையும்போது பழனிக்குமார் அவன் தோளில் தட்டி, "பாத்து ஊது மாப்ள" என்றான். கேட்பதற்கு விளையாட்டாகத்தான் இருந்தது.

முதல் பாதியில் யாரும் கோல் போடவில்லை. இரண்டாம் பாதியில் பள்ளத்துப் பக்கக் கோல் எங்களுடையதாயிற்று. ஜெயமுருகன் அங்கே நின்றான். ஆட்டம் முடியக் கொஞ்ச நேரமே இருந்தபோது பந்து எங்கள் பையன் ஒருத்தன் காலில் இருந்தது, எங்கள் கோலுக்குப் பக்கத்தில். பள்ளத்திலிருந்து மேகம் ஏறியது. கோல் கம்பத்தின் கால் மறைந்தது. பிறகு ஜெயமுருகனின் முழங்கால்.

எங்கள் பையன் பந்தை அப்படியே காலடியில் நிறுத்திவிட்டுக் குத்தவைத்தான். அடுத்தவன் உட்கார்ந்தான், அதற்கடுத்தவன், வரிசையாக. ஜெயமுருகனும் இரண்டு கம்பத்துக்கும் நடுவில் உட்கார்ந்தான். கோட்டோரம் கொடி பிடித்து நின்ற எங்கள் ஊர் லைன்ஸ்மேன்கூடக் கொடியை மடியில் வைத்துக் குத்தவைத்துவிட்டான்.

பாலசமுத்திரத்துப் பிள்ளைகளுக்கு என்ன தெரியும்? அவர்கள் ஊரில் மேகம் வானத்தில் இருக்கும். இவர்கள் ஏன் உட்காருகிறார்கள் என்று முழித்தார்கள். ஒரு சின்னப் பயல் மட்டும் முழிக்கவில்லை. பந்து தனியாகக் கிடக்கிறது, எடுத்துக்கொண்டு ஓடினான்.

பொன்னுவேல் பின்னாலேயே ஓடினான். விசில் வாய்க்குப் போயிற்று. ஆனால் பந்து பயல் காலைவிட்டுப் போய்விட்டது. உட்கார்ந்திருந்த ஜெயமுருகனின் தோளுக்குப் பக்கமாகப் போய்க் கோட்டைத் தாண்டி வலையில் விழுந்தது. அப்புறம்தான் விசில் சத்தம் வந்தது.

பயல் நிற்கவில்லை. கோல் போட்ட சந்தோஷத்தில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு கம்பத்தைச் சுற்றி மேகத்துக்குள் ஓடினான், பள்ளத்தைப் பார்த்து. "நில்லுடா! நில்லு!" என்று பொன்னுவேல் கத்தினான். எட்டிப் பிடிக்கும் தூரத்தில் அவன் இல்லை. ஜெயமுருகன் இருந்த இடத்திலிருந்தே பாய்ந்து பயலின் காலைப் பிடித்தான். இரண்டு பேரும் குப்புற விழுந்தார்கள். பயலுக்கு மூக்கில் ரத்தம்.

இது அத்தனையும் பொன்னுவேல் பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். வெளியில் நின்ற எங்களுக்கு வெள்ளைச் சுவர் ஒன்றுதான் தெரிந்தது. உள்ளே ஒரு விசில், ஒரு கத்தல், ஒரு பிள்ளை அழும் சத்தம்.

"எதுக்குலே ஊதுனான்?"

"கோலுங்கிறாங்கப்பா!"

"எவன் கோலு? நம்ம பயலுக குத்தவச்சிருக்காங்க, அவனுக வந்து போட்டுட்டுப் போறானுகளா?"

கூட்டம் கோட்டைத் தாண்டி உள்ளே நடக்க ஆரம்பித்தது. மேகத்துக்குள் முகம் தெரியாது, குரல்தான் வரும். முகம் தெரியாத இடத்தில் மனுசனுக்கு நாக்கு நீளும். பொன்னுவேல் நடு மைதானத்துக்கு வந்து நின்றான். சுற்றிலும் குரல்கள் நெருங்கின. ஒவ்வொன்றும் அவன் ஜீப்பில் தினமும் கேட்கிற குரல்.

"பொறந்த ஊருக்குப் போட்டுக் குடுத்துட்டான்யா!"

"சோறு இங்க, விசுவாசம் அங்க!"

"இனிமே ஜீப்ப பாலசமுத்திரத்துலயே நிறுத்திக்கச் சொல்லு!"

ஒரு கல் வந்து புல்லில் விழுந்தது. சின்னக் கல்தான். ஆனால் முதல் கல் எப்போதும் சின்னதாகத்தான் இருக்கும்.

பழனிக்குமார் முதலில் அவனிடம் போய்ச் சேர்ந்தான். அவன் கத்தவில்லை. காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்துப் பேசினான். இதுவும் பொன்னுவேல் பிறகு சொன்னதுதான்.

"மாப்ள, ஒரே வார்த்தை. மேகத்துக்காக முன்னாடியே ஊதிட்டேன், அப்புறந்தான் அந்தப் பய அடிச்சான்னு சொல்லிரு. முடிஞ்சு போச்சு. உள்ள நடந்தத எவனும் பாக்கல."

"நான் பாத்தேன் மச்சான்."

"நீ பாத்தது எனக்குத் தெரியும். உன்னைய யாரு பாத்தா?"

"உங்க மவன் பாத்தான். நாளைக்கு அவன் மூஞ்சில நான் எப்படி முழிக்க?"

"அப்ப எம்மூஞ்சில முழிச்சுருவியோ? முன்னாடியே மேகம் வர்றத நீ பாக்கல? இந்த ஊருல இத்தன வருசம் குடும்பம் நடத்துறவனுக்குத் தெரியாதா, மேகம் வந்தா பிள்ளைக உக்காருவாங்கன்னு?"

"தெரியும். ஊதியிருக்கணும். பிந்திட்டேன். அது என் தப்பு, ஊருக்கே கேக்குற மாதிரி சொல்றேன். ஆனா விசிலுக்கு முன்னாடி பந்து கோட்டத் தாண்டிருச்சு. கோலு கோலுதான்."

இந்தச் சமயத்தில்தான் நான் உள்ளே போனேன். சும்மா போகவில்லை. கழகத் தலைவர் நான், அன்றைக்கு எங்கள் அணிக்குப் பொறுப்பாளரும் நான். என் சொல்லுக்கு எங்கள் ஊரில் மறுசொல் கிடையாது. கூட்டம் எனக்கு வழி விட்டது.

"ஏலே பொன்னுவேலு" என்றேன். "பெரிய மனுசன் சொல்றேன். ரெண்டு பக்கத்துக்கும் வேணாம். இந்தக் கோல அழிச்சுட்டு, மிச்ச ஆட்டத்த நடத்து. ரத்தக்களரி ஆகப் போகுது."

அவன் என்னைப் பார்த்தான். கண் கலங்கியிருந்தது, அது மேகத்து ஈரமா வேறொன்றா, எனக்குத் தெரியாது.

"மொதலாளி, ரெஃப்ரி கூப்புடாம நீங்க உள்ள வரக்கூடாது."

"நான் வெட்டுன கிரவுண்டுலே இது!"

"ஆமாங்க. நீங்க வெட்டுன கிரவுண்டுதான். அதான் நீங்களே கோட்டுக்கு அங்கிட்டு நிக்கணும்."

"எனக்கே சொல்றியா?"

அவன் சட்டைப் பையில் கைவிட்டான். மஞ்சள் அட்டையை எடுத்து என் முகத்துக்கு நேராகத் தூக்கினான். அது மடங்கிவிடும்போல, அவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தான்.

"இன்னொன்னு காட்ட வச்சுராதீங்க மொதலாளி. உங்க கால்ல விழுறேன்."

மேகம் அந்த நேரம் பார்த்து லேசாகக் கிழிந்தது. ஊர் முழுக்கப் பார்த்தது: மண்டிக்காரருக்கு முன்னால் கையைத் தூக்கி நிற்கும் பொன்னுவேல். கல் எடுத்தவன் கல்லோடு நின்றான். பின்னாலிருந்து ஒரு பொம்பளைக் குரல், பாப்பம்மாள் என்று நினைக்கிறேன், "யாத்தே, மொதலாளிக்கே கார்டா!" என்றது. எவனோ குபீரென்று சிரித்தான்.

வேறு யாராவது என் இடத்தில் இருந்திருந்தால் அங்கே ஒரு கொலை விழுந்திருக்கும். நான் திரும்பினேன். கோட்டை நோக்கி நடந்தேன். நான் நடந்தால் எங்கள் ஊர் நடக்கும். கூட்டமும் பின்னாலேயே நடந்து கோட்டுக்கு வெளியே வந்தது. அன்றைக்கு அந்த மைதானத்தைக் காலி செய்தது போலீசா? இல்லை, என் கால்.

பழனிக்குமார் மட்டும் கடைசியாக வந்தான்.

அதோடு முடியவில்லை. தங்கமுத்து இப்போது அந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார்.

"பொன்னுவேலு, எங்க பய மூக்கு உடைஞ்சிருக்கு. அந்தக் கோல்கீப்பர் காலை வாரி விட்டிருக்கான். ரெட் கார்டு குடு. நம்ம ஊருக்கு நியாயம் வேணுமா இல்லையா?"

"அண்ணே, இங்க வாங்க" என்று பொன்னுவேல் அவரைக் கூட்டிக்கொண்டுபோய்க் கோலுக்குப் பின்னால் தரை முடிகிற இடத்தில் நிறுத்தினான். மேகம் விலகிக் கீழே பாறை தெரிந்தது. தங்கமுத்து எட்டிப் பார்த்தார். இரண்டு அடி பின்னால் வந்தார்.

"அவன் காலப் பிடிக்கலேன்னா நாம இப்ப கீழ எறங்கித் தேடிக்கிட்டிருப்போம். கார்டு கிடையாது. அப்புறம் இன்னொன்னு அண்ணே. நம்ம ஊரு, நம்ம ஊருன்னு என்கிட்ட சொல்லாதீங்க. விசில் கையில இருக்கிற வரைக்கும் எனக்கு ஊரு கிடையாது."

மிச்ச ஆட்டத்தை ஆடினார்கள். எங்கள் பயல்கள் வெறியோடு ஏறினார்கள். ஒரு பந்து பாலசமுத்திரத்துப் பையன் கையில் பட்டது, கோலுக்கு முன்னாலேயே. "கை! கை!" என்று மலையே கத்தியது. அந்த ஒரு பெனால்டியைக் கொடுத்திருந்தால் பொன்னுவேல் தப்பித்திருப்பான். யாரும் தப்பு சொல்லியிருக்க மாட்டார்கள். பையன் கையை நெஞ்சோடு மடக்கி வைத்திருந்தான். பொன்னுவேல் தலையை ஆட்டி, ஆடு என்று கை காட்டினான். என் பக்கத்தில் நின்ற தமயந்தி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

ஒன்றுக்குச் சைபர். தோற்றோம்.

முடிந்ததும் பாலசமுத்திரத்து இளவட்டங்கள் ஓடிவந்து, "எங்க அண்ணன்டா!" என்று அவனைத் தூக்கப் பார்த்தார்கள். எங்கள் ஊர் திட்டியதைவிட அதுதான் அவனுக்கு ஆபத்து. தோளில் விழுந்த கையை எல்லாம் தட்டிவிட்டு, "வெரசா வேன்ல ஏறுங்கடா" என்று அதட்டினான். ஊர் முக்கில் சில பேர் மரக்கட்டையைக் குறுக்கே போட்டிருப்பதாகத் தகவல் வந்தது. பொன்னுவேல் ஜீப்பை எடுத்து வேனுக்கு முன்னால் விட்டான். தமயந்தி கேட்காமலேயே ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தாள். கட்டை போட்டவர்கள் எல்லாம் அவளுக்கு அண்ணன், சித்தப்பன் முறை. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஒவ்வொருத்தராகக் கட்டையை இழுத்தார்கள்.

பிறகு வந்த நாட்கள்தான் கஷ்டம். பொன்னுத்தாய் மருமகனுக்குச் சோறு போட்டாள், பேச்சை நிறுத்திக்கொண்டாள். சந்தைக்குப் போகிற பெண்கள் கூடையோடு ரோட்டில் நின்று பஸ்ஸுக்குக் காத்திருப்பார்கள். பொன்னுவேல் ஜீப் காலியாகப் பக்கத்தில் போகும். நான் மறுநாளே என் மண்டி மூட்டைகளை அவன் ஜீப்பில் ஏற்றினேன், ஊர் பார்க்க. "கார்டு வாங்கியும் மொதலாளிக்குப் புத்தி வரல" என்று பேசினார்கள். பேசட்டும். எனக்கு அட்டை காட்டும் துணிச்சல் உள்ளவனிடம் என் மூட்டை பத்திரமாகப் போகும் என்று எனக்குத் தெரியும். ஆனால் மூட்டை மனுசன் ஆகாது. ஒரு நாள் அவன் ஜீப்பை நிறுத்திவிட்டு, "தமயந்தியக் கூட்டிக்கிட்டு வேற எங்கயாச்சும் போயிரலாமான்னு இருக்கு மொதலாளி" என்றான். "எங்க போவ?" என்று கேட்டேன். அவன் மறுபடி ஜீப்பைக் கிளப்பினான்.

அடுத்த பருவத்துக்கான கூட்டத்தைப் பண்ணைக்காட்டில் போட்டோம். எங்கள் ஊருக்கும் ஆடலூருக்கும் முதல் ஆட்டம், எங்கள் மைதானத்தில். யார் ஊதுவது என்று பேச்சு வந்தது. ஆடலூர்க்காரர் எழுந்தார். "எங்களுக்குப் பொன்னுவேல்தான் வேணும். சொந்த மச்சானுக்கு எதிரா ஊதுனவரு, எங்களுக்கு எதிரா பொய்யா ஊத மாட்டாரு."

எல்லாரும் பழனிக்குமாரைப் பார்த்தார்கள். அவன் தரையைப் பார்த்தான். எங்கள் ஊர் வேண்டாமென்றால் வேண்டாம்தான்; அதற்கப்புறம் எந்த ஊரும் பொன்னுவேலைக் கூப்பிடாது. நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் நடந்திருக்கும்; ஆனால் அது என் வார்த்தையாகிவிடும், ஊர் வார்த்தையாகாது.

இடையில் ஒரு வாத்தியார், "விசில் கேட்காம உட்காரக் கூடாதுன்னு மேல்மலைப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தாப் பிரச்சினை தீர்ந்தது" என்றார்.

கடைசி பெஞ்சிலிருந்து பொன்னுவேல் எழுந்தான். "அது மட்டும் சொல்லிக் குடுக்காதீங்க சார். அவங்க உக்காரட்டும். உக்காந்ததாலதான் அன்னைக்கு ஒரு பிள்ள பிழைச்சுச்சு. ரெஃப்ரிக்குச் சொல்லுங்க. மேகம் கோல் கம்பத்தோட காலத் தொட்டதுமே ஊதணும்னு விதி போடுங்க. பிந்தி ஊதுனா ரெஃப்ரியக் கேளுங்க. என்னையக் கேளுங்க."

வெளியே பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. பழனிக்குமார் தொண்டையைச் செருமினான்.

"விதி போட்டாச்சுன்னா அவரே ஊதட்டும்" என்றான், யாரையும் பார்க்காமல். "ஆனா வெரசா ஊதச் சொல்லுங்க."

கூட்டம் முடிந்து எங்கள் ஊர்க்காரர்கள் பொன்னுவேல் ஜீப்பில் ஏறினார்கள். பின்னால் இன்னும் ஒருத்தருக்கு இடம் இருந்தது. பழனிக்குமார் பஸ்ஸுக்கு நின்றுகொண்டான்.